வலிக்குத் தேய்க்கும் மருந்து வலியைக் கேட்குமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பீடிக்கட்டு ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், நடவு முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், பேரனிடம் காசு கொடுத்து "முட்டுவலிக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வா" என்று அனுப்பும் ஆச்சிகள் என்று தினமும் பத்துப் பேராவது தைலமோ ஆயிண்ட்மெண்டோ கேட்டு வருகிறார்கள். அன்றாடக் கூலியில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. அந்தக் காசுக்கு உள்ள பலன் கிடைக்க வேண்டும் என்பதால், கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி, இதெல்லாம் நெசமாவே வலியைக் கேக்குமா? இல்ல, தேய்ச்சோம்ங்கிற மனத்திருப்திதானா?

எந்த மருந்து, எந்த வலி என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாக் குழாயும் ஒன்றில்லை.

கடை அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகை, தோல் வழியாக இறங்கி வீக்கத்தைக் குறைக்கும் மருந்து உள்ளவை. டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், ஐபுபுரோஃபென் என்று குழாயில் போட்டிருக்கும். அடிபட்ட இடத்தில் உடம்பு புராஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியும் வீக்கமும் அதனால்தான் கூடுகின்றன. இந்த மருந்துகள் அந்தச் சுரப்பைத் தடுக்கின்றன. இரண்டாவது வகை மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், விண்டர்கிரீன் எண்ணெய் எல்லாம் சேர்ந்த தைலங்களும் பாம்களும். இவை தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்குகின்றன.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சுளுக்கு, தசைப்பிடிப்பு, அடிபட்ட வீக்கம் மாதிரியான புது வலிகளுக்கு ஒரு வகை டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் வலி பாதியாவது குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் பத்தில் இரண்டு பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது. அது நல்ல வித்தியாசம். இரண்டாவது வகையில் முக்கியமான சாலிசிலேட் மருந்துகளையும் (விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் மாதிரியானவை) அதே அமைப்பு 2014-இல் பார்த்தது. நல்ல தரமான சோதனைகளில் பலன் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் தெரியவில்லை.

ஆக, கணுக்கால் பிசகிய பையனுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் கேட்டால் நான் தைரியமாகக் கொடுக்கிறேன். பல வருஷத்து இடுப்புவலிக்குத் தைலம் கேட்டால் அந்த தைரியம் எனக்கு வருவதில்லை.

சுள்ளுனு எரிஞ்சாத்தானே மருந்து உள்ள இறங்குதுன்னு அர்த்தம்?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

நம் நரம்பு நுனிகளில் சூட்டை அறிய ஒரு வாயில், குளிரை அறிய ஒரு வாயில் என்று தனித்தனியாக இருக்கின்றன. மிளகாயின் காரச்சத்து சூட்டு வாயிலைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் மிளகாய் அரைத்த கை தண்ணீரில் கழுவிய பிறகும் எரிகிறது. உண்மையில் அங்கே சூடு கிடையாது, இருப்பதாக நரம்பு நினைத்துக்கொள்கிறது. மெந்தால் இதே போலக் குளிர் வாயிலைத் திறக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-இல் அந்தச் சூட்டு வாயிலைக் கண்டுபிடித்தது. அந்த வழியில் வந்த வேலைகளுக்காக 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு அம்மியில் தினமும் நடப்பதன் காரணம் இவ்வளவு காலம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

ஆகவே எரிச்சலும் சில்லிப்பும் தோலில் நடக்கிற விஷயம். அதனால் ஒரு சுகமும் இல்லை என்று சொல்லமாட்டேன். முழங்கை சுவரில் இடித்தால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, தேய்த்ததும் வலி அடங்குகிறதே, அது மாதிரிதான். தொடுவதும் தேய்ப்பதும் அனுப்பும் சேதி தண்டுவடத்தில் வலியின் சேதியைக் கொஞ்சம் மறித்துவிடுகிறது. இதை மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-இல் விளக்கினார்கள். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தால் கண்ணயர்ந்து தூங்க முடிகிறது என்றால் அதுவும் பலன்தான். ஆனால் உள்ளே உள்ள வீக்கம் அதனால் வற்றாது.

வெறும் டைக்ளோஃபினாக் ஜெல்லில் எரிச்சல் இருக்காது, மணமும் அதிகம் இருக்காது. "தண்ணி மாதிரி இருக்கு, டூப்ளிகேட்டு போல" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. டைக்ளோஃபினாக்கோடு மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த ஜெல்கள் நிறைய விற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். தோலில் தெரியும் சில்லிப்பு மெந்தாலுடையது. வேலை செய்கிற மருந்து சத்தமில்லாமல் தனியே போய்க்கொண்டிருக்கும்.

மிளகாய்ச் சத்துக் கிரீம் ஒன்று தனியாக உண்டு. அதை ஒருநாள் தடவிப் பலன் பார்க்க முடியாது. தினம் மூன்று நான்கு வேளை, சில வாரம் தொடர்ந்து தடவினால்தான் நரம்பு அந்த எரிச்சலுக்குப் பழகி வலியும் தணியும். கண்ணில் பட்டால் படாத பாடு படுவீர்கள்.

வாங்கும்போது குழாயில எதைப் பாக்கணும்?

விளம்பரத்தில் வரும் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் பாருங்கள். டைக்ளோஃபினாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம் என்றும் டைக்ளோஃபினாக் சோடியம் 1 சதவீதம் என்றும் இருக்கும். இரண்டும் அளவில் ஒன்றுதான், 1.16 கூடின பவர் இல்லை. காலாவதித் தேதியையும் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் கடைக்காரரையே வாசிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஸ்பிரே நல்லதா, ஜெல் நல்லதா?

உள்ளே இருக்கும் மருந்து எது என்பதுதான் கேள்வி. கைபட்டாலே வலிக்கிற இடத்துக்கு ஸ்பிரே வசதி. மற்றபடி ஜெல் போதும்.

எவ்வளவு தடவணும்? நான் ஒரு குழாய மூணு மாசம் வச்சிருக்கேன்.

அப்படியென்றால் அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யவே வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். கணுக்காலுக்கு ஒரு வேளைக்கு 2 கிராம், அதாவது அந்த நீளத்தில் நான்கு கோடு வேண்டும். பெரிய மூட்டான முழங்காலுக்கு 4 கிராம் வரை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. 2 கிராம் வீதம் மூன்று வேளை தடவினால் 30 கிராம் குழாய் ஐந்தே நாளில் காலி. பட்டாணி அளவு தொட்டு, வலிக்கும்போது மட்டும் தடவி, மூன்று மாதம் ஓட்டினால் சோதனையில் கிடைத்த பலன் வீட்டில் எப்படிக் கிடைக்கும்?

எனவே நான் சொல்வது இது: புதுச் சுளுக்கா? ஒரு வாரம் ஒழுங்காக, முழு அளவில் தடவுங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள். அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாது என்றால் அரைகுறையாகத் தடவுவதைவிட வாங்காமல் இருக்கலாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் வைத்து எடுப்பது, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பது எல்லாம் முதல் இரண்டு நாளில் நிறைய உதவும். அதற்குக் காசு வேண்டாம்.

அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். பரவலாகப் பூசி மெதுவாகத் தடவினால் போதும்.

பீடி சுத்தி சுத்திக் கட்டைவிரல் அடியிலயும் மணிக்கட்டுலயும் ஒரே வலி. எது தடவலாம்?

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கத்தில் இந்த வலி இல்லாத வீடு குறைவு. கத்தரியால் இலை வெட்டுவது, சுருட்டுவது, நுனி மடக்குவது எல்லாம் ஒரே கட்டைவிரல் மேல்தான் விழுகிறது. நாளெல்லாம், வருஷமெல்லாம்.

கையின் மூட்டுகளும் தசைநார்களும் தோலுக்கு மிக அருகில் இருப்பதால் ஜெல் அங்கே போய்ச் சேரும். இந்த விஷயத்தில் கை இடுப்பைவிடக் கொடுத்து வைத்தது. ஆனால் தடவிய பிறகு ஒரு மணி நேரமாவது கை கழுவக் கூடாது, அந்தக் கையால் இலையும் தூளும் தொடவும் கூடாது. அதனால் வேலைக்கு நடுவில் தடவாதீர்கள். தூளைக் கழுவித் துடைத்து, ராத்திரிச் சாப்பாடும் முடிந்த பிறகு தடவிக்கொண்டு படுங்கள்.

மருந்து மட்டும் இதைச் சரி செய்யாது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. வலிக்கு காரணமான வேலை மறுநாள் காலையில் முறத்தோடு திரும்ப மடிக்கு வந்துவிடுகிறது. வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, விட்டால் அடுப்பு எரியாது. அரை மணிக்கு ஒருதரம் இரண்டு நிமிஷம் கையை உதறி விரித்து மடக்குங்கள், எழுந்து கழுத்தைத் திருப்புங்கள். முதுகுக்குச் சுவர் சாய்மானம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்று போட்டுக்கொண்டு படுத்தால் பலருக்குத் தேவலாம் என்று இருக்கிறது.

விரல் மரத்துப்போகிறது, ராத்திரியில் கை விறுவிறுத்து எழுப்பிவிடுகிறது, பிடித்த டம்ளர் நழுவுகிறது என்றால் அது நரம்பு அழுத்தம். அதற்குத் தடவும் மருந்து எதுவும் ஆகாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நடவுக்குப் போயிட்டு வந்தா இடுப்பு ஒடியுது. தைலம் போட்டா ராத்திரி தூக்கம் வருது, காலையில திரும்ப வலிக்கு.

இடுப்பின் தசைகள் தடிமனானவை, மூட்டுகள் ஆழத்தில் இருப்பவை. மேலே தடவியது அவ்வளவு தூரம் போவதில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் இரண்டு 2020-இல் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. புது அடி, சுளுக்குக்கு முதலில் டைக்ளோஃபினாக் மாதிரி ஜெல்லைத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்ன அவர்களே இடுப்புவலியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தைலம் தூக்கம் தருகிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள். தவிட்டு ஒத்தடமோ நொச்சியிலை ஒத்தடமோ அதே சுகத்தைத் தரும், செலவும் குறைவு. ஆனால் ஒத்தடம் கொடுக்கும் இடத்தில் தைலம் இருக்கக் கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருக்காதீர்கள், நடமாடினால்தான் சீக்கிரம் சரியாகும். கால் வலு குறைந்தாலோ, மூத்திரம் வெளிக்கி கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோடு இடுப்பு வலித்தாலோ ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எங்க ஆச்சிக்கு முட்டுவலி. மாத்திரை வேண்டாம், தடவுறதே போதும்னு சொல்லுதாவ. சரியா?

ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வயதானவர்கள் வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் ஏறுவது என்று ஒவ்வொன்றாக வரும். ஜெல்லை முழங்காலில் தடவும்போது ரத்தத்தில் சேரும் டைக்ளோஃபினாக், மாத்திரையில் சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதனால் முட்டுத் தேய்மானத்துக்கு முதலில் தடவும் மருந்தைக் கொடுங்கள் என்று இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் "கலர் மாத்திரை நாலு குடுங்க" என்று கேட்டால் நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி.

ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டுத் தேய்மானத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தடவிப் பார்த்த சோதனைகளில் பத்தில் ஆறு பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. வெறும் ஜெல் தடவியவர்களிலும் பத்தில் ஐந்து பேருக்குக் குறைந்தது. மருந்தினால் கூடுதலாகப் பலன் பெறுவது பத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் உங்கள் ஆச்சியாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் முழு அளவில் தடவிப் பாருங்கள், மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அதோடு ஒன்று. ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டித் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுத்தால் முட்டின் பாரம் குறையும். என் அம்மாவுக்கு நான் செய்ய வைத்தது இதுதான். முதலில் "இந்த வயசுல டிரில்லு என்னத்துக்கு" என்றாள். இரண்டு மாதத்தில் கைப்பிடி பிடிக்காமல் மச்சுப்படி ஏறினாள்.

தேர் இழுத்த மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கு. ஏதாச்சும் தாங்க.

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்த மறுநாள் எந்த மருந்துக்கடையிலும் கேட்கும் குரல் இது. பழக்கமில்லாத பாரத்தை இழுத்த தசை மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் கூடுதலாக வலிக்கும். நாலைந்து நாளில் தானாகப் போய்விடும். வெந்நீரில் குளித்துவிட்டு நடமாடுங்கள், மருந்து வேண்டாம்.

குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னா எல்லா வலியும் போகுதே, அது எப்படி?

அருவி தோளில் அடிப்பது பெரிய மசாஜ்தான். பிடித்து இறுகிய தசை அதில் தளர்கிறது. எனக்கும் அந்தச் சுகம் தெரியும், சாரல் சமயத்தில் வருஷம் தவறாமல் போகிறேன். நாள்பட்ட கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கத்துக்கு எண்ணெய் தேய்த்து நீவுவது நல்லது. ஆனால் அன்றைக்கு விழுந்து, அன்றைக்கே வீங்கிய இடத்தை நீவவே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும், எலும்பு விண்டிருக்கவும் கூடும். கால் ஊன்ற முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே, சுளுக்கு எடுப்பவர் அப்புறம்.

சித்தத் தைலம் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். சீட்டு ஒட்டாத பாட்டிலில் விற்கும் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தைலம் போட்ட இடத்துல வெந்நீர்ப் பை வைக்கலாமா? துணி சுத்திக் கட்டலாமா?

கூடாது. மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் அதிகம் உள்ள மருந்துகளால் தோல் கொப்பளித்து வெந்துபோனவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் எச்சரித்தது. இறுக்கிக் கட்டுவதும் சூடு வைப்பதும் மருந்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும். தடவிய இடம் தாங்க முடியாமல் எரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிள்ளைக்குச் சளி. கோடாலித் தைலம் ஒரு சொட்டு மூக்குல வைக்கலாமா?

வைக்காதீர்கள் தாயி. கைக்குழந்தையின் மூக்கில் மெந்தாலோ கற்பூரமோ பட்டால் மூச்சே தடைபடலாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு வலிப்பு வரும். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மில்லியில், ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான விஷம் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் உயிரை எடுக்க அது போதும். நல்ல வாசனை என்று பிள்ளைகள் குடித்துவிடும். பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேற யாருக்கு ஆகாது?

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிழுப்பு வருகிறவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம். புண், கீறல், கொப்புளம் மேல் யாருமே தடவக் கூடாது. கீட்டோபுரோஃபென் தடவிய இடத்தில் வெயில் பட்டால் தோல் பொரிந்துபோகும், வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதை நான் கொடுப்பதில்லை.

இடது தோள்பட்டையில வாயு புடிச்சிருக்கு. நல்லா எரியிற தைலமா ஒண்ணு தாங்க.

இதைக் கேட்டால் நான் அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன் அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்வேன். எப்போதிருந்து வலிக்கிறது? நடந்தால் கூடி, நின்றால் குறைகிறதா? வேர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தாடைக்கோ கைக்கோ இறங்குகிறதா? சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறதா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ராத்திரி முழுக்க நெஞ்சிலும் தோளிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்திருந்தார். தைலம் என் கடையில் வாங்கியது. வாங்கிப்போனது அவர் பேரன். யாருக்கு, எங்கே வலி என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. விடிகாலையில் அழுகைச் சத்தம் கேட்டுப் போனபோது அந்த அறை முழுக்கத் தைலவாடை.

அதற்குப் பிறகு, யார் வந்து தைலம் கேட்டாலும் யாருக்கு, எங்கே வலி என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். நெஞ்சு, இடது தோள், இடது கை, நடுமுதுகு என்று பதில் வந்தால் தைலம் கிடையாது. இ.சி.ஜி. எடுங்கள் என்று அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். வேர்வையும் சேர்ந்திருந்தால் நானே 108-க்குப் போன் போடுகிறேன்.